கணினியை முதலில் எழுப்புவது யார்?



போன வாரம் செவ்வாய் இரவு முதல் வியாழன் மாலை வரை நம் பள்ளிப் படங்கள் இருக்கும் பக்கம் திறக்கவில்லை. "டீச்சர், படமெல்லாம் போயிடுச்சா?" என்று பதினைந்து பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. ஒரு படம்கூடப் போகவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக: என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே டிபன் டப்பா அளவில் ஒரு சின்னக் கணினி இரவும் பகலும் ஓடுகிறது. ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்டதை வாங்கி 2019இல் என் பழைய மாணவர் ஒருவர் அமைத்துக் கொடுத்தார். (பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்.) நான் ஒன்றாம் வகுப்பு எடுத்த 33 ஆண்டுகளில் எடுத்த வகுப்புப் படங்கள், ஆண்டுவிழாப் படங்கள், சில கேசட்டுப் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதில் ஓடுவது லினக்ஸ். அதைப் புதுப்பிக்க அவரே எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒருமுறை நானே செய்வேன்.

செவ்வாய் இரவு பெரிய புதுப்பிப்பு ஒன்றைச் செய்தேன். டெபியன் 11இலிருந்து டெபியன் 12க்கு மாற்றம். கெர்னல் 5.10 போய் 6.1 வரும். எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றுதான் திரை சொன்னது. ரீஸ்டார்ட் கொடுத்தேன். கறுப்புத் திரையில் ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்று ஒரு வரி. அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அன்று காலைதான் நம் பள்ளிச் சத்துணவு ஆயாவின் மகள் பேசியிருந்தாள். ஆயா போன மாதம் காலமானது உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள். வீட்டில் மாட்ட ஆயாவின் படம் ஒன்றுகூட இல்லையாம். 1994 வகுப்புப் படத்தில் வலது ஓரத்தில், கையில் கரண்டியோடு, சிரித்தபடி ஆயா நிற்பது என் நினைவுக்கு வந்தது. "நாளைக்கு அனுப்புறேம்மா" என்று சொல்லியிருந்தேன். அந்த அசல் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. இருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதி பயம். மீதிப் பாதி, 'அப்படி என்னதான் நடந்தது?' என்ற கேள்வி. இந்த மூன்று நாளில் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு கணினியை இயக்க நிரல் வேண்டும். அந்த நிரல் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. டிஸ்கிலிருந்து அதை எடுத்து நினைவகத்தில் வைக்கவும் ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் எடுத்து வைப்பது? தன் தோளில் தானே ஏறி நிற்கச் சொல்வது போல இருக்கிறது அல்லவா? ஆங்கிலத்தில் இதற்குப் 'பூட்ஸ்டிராப்' என்று பெயர் வைத்தார்கள். பூட்ஸின் பின்னால் இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்கும். அதைப் பிடித்து இழுத்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்று பொருள். அதன் சுருக்கம்தான் இன்று எல்லோரும் சொல்லும் 'பூட்'.

1950களின் தொடக்கத்தில் வந்த ஐபிஎம் 701 கணினியில் 'லோடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளையிட்ட அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ முதல் ஒரு சொல்லை மட்டும் இயந்திரம் படிக்கும். அந்த ஒரு சொல்லில் அடுத்ததைப் படிக்கும் கட்டளை இருக்கும். அது அதற்கடுத்ததைப் படிக்கும். இப்படிப் படிப்படியாக முழு நிரலும் உள்ளே வந்துவிடும். அ, ஆ தெரிந்தால் அம்மா, ஆடு படிக்கலாம். அது தெரிந்தால் பாடம் படிக்கலாம். அதே முறைதான்.

1975இல் வந்த ஆல்டேர் 8800இல் அந்தப் பொத்தானும் இல்லை. முன்பக்கம் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, முதல் கட்டளைகளை மனிதரே கையால் ஏற்ற வேண்டும். பில் கேட்ஸும் பால் ஆலனும் அந்தக் கணினிக்காகப் பேசிக் மொழியை எழுதினார்கள். அதைக் காட்ட ஆல்புகர்க்கி நகருக்கு விமானத்தில் போகும்போதுதான், காகித நாடாவிலிருந்து நிரலை உள்ளே ஏற்றும் அந்தச் சின்ன நிரலை எழுத மறந்துவிட்டோம் என்பது ஆலனுக்கு நினைவு வந்தது. விமானம் இறங்குவதற்குள் உட்கார்ந்து எழுதி முடித்தார். போனதும் சுவிட்சுகளைத் தட்டி ஏற்றினார். வேலை செய்தது. 2+2 கேட்டார்கள். 4 என்று பதில் வந்தது. பெரிய பாடத்தை எழுதி முடித்த கெட்டிக்காரர்களே அகரத்தை மறந்துவிட்டார்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. பயாஸ் என்ற நிலையான நிரல் ஒன்றை அதன் சிப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அது டிஸ்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகிவிடும். பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தபோது அந்த 512இல் 64 பைட்டுகள் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலுக்குப் போயின. கடைசி 2 பைட்டுகள் அடையாள முத்திரை. மிச்சம் 446. ஒரு முழு இயங்குதளத்தையும் எழுப்ப வேண்டிய முதல் நிரலுக்கு இருந்த இடம் அவ்வளவுதான். இன்றைய யூனிகோடு முறையில் 'அ' என்று எழுதவே 3 பைட்டு வேண்டும். 446 பைட்டில் 148 'அ' எழுதலாம். சிலேட்டின் ஒரு பக்கம்கூட நிறையாது.

இப்போது லினக்ஸ் கதைக்கு வருவோம். 1991இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், புதிதாக வாங்கிய 386 கணினியில் மினிக்ஸ் என்ற பாட இயங்குதளத்தை வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு கெர்னல் எழுதத் தொடங்கினார். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகம், டிஸ்க், கீபோர்டு என எல்லாவற்றையும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். ஆகஸ்ட் 25 அன்று உலகுக்கு அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வளராது என்றுதான் அவரே சொன்னார். அந்தத் தொடக்கக் காலத்தில் மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பி, தன் மினிக்ஸையே அழித்துக்கொண்டார். மறுபடி மினிக்ஸைப் போடாமல், தான் எழுதியதிலேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தார். செப்டம்பரில் வந்த முதல் பதிப்பு 0.01 சுமார் 10,000 வரி. 1994 மார்ச்சில் வந்த 1.0 பதிப்பு 1,76,250 வரி. இன்று 3 கோடி வரிக்கும் மேல்.

இவ்வளவு பெரிய ஆளை எழுப்ப ஒரு சின்ன ஆள் வேண்டுமே. 1992இல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் என்பவர் லிலோ என்ற பூட்லோடரை எழுதினார். லினக்ஸ் லோடர் என்பதன் சுருக்கம். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது வேலை செய்யும்போது திரையில் தன் பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதும். எல், ஐ, எல், ஓ. ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி. நான்கும் வந்தால் எல்லாம் நலம். 'எல் ஐ' என்று இரண்டோடு நின்றால் இரண்டாம் படியில் சிக்கல். எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். எந்த எழுத்தில் பிள்ளை தடுமாறுகிறது என்று பார்ப்பதுதானே ஒன்றாம் வகுப்பு டீச்சரின் வேலையும்!

ஆனால் லிலோவுக்குக் கோப்பின் பெயர் தெரியாது. கெர்னல் டிஸ்கின் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். புதுக் கெர்னல் போட்டால் இடம் மாறிவிடும். உடனே லிலோ கட்டளையை மறுபடி ஓட்டிப் புது விலாசத்தைக் குறிக்க வேண்டும். மறந்தால் கணினி எழாது. எத்தனையோ பேர் மறந்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் குறையைத் தீர்த்தது கிரப். 1995இல் எரிக் போலின் என்பவர் குனு ஹர்டு என்ற வேறோர் இயங்குதளத்தை எழுப்புவதற்காக இதைத் தொடங்கினார். 1999இல் இது குனு திட்டத்தின் அதிகாரபூர்வமான பகுதியானது. பின்னர் புதிதாக எழுதப்பட்ட கிரப் 2இன் 2.00 பதிப்பு 2012இல் வந்தது. கிரப்புக்கு டிஸ்கில் உள்ள கோப்புகளைப் பெயர் சொல்லித் தேடத் தெரியும். கெர்னல் எங்கே நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும். இன்னொரு பெரிய வசதி, மெனு. புதுக் கெர்னலும் பழைய கெர்னலும் இரண்டும் பட்டியலில் இருக்கும். புதியது எழவில்லையா? பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். உங்களில் சிலர் 2011க்குப் பிறகு பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி வாங்கியிருப்பீர்கள். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததே, அது. எதில் போக வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்குமே, நினைவிருக்கிறதா? அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் பூட்லோடரின் வேலை. அந்தப் பாஸ் லினக்ஸும் என் பெட்டியில் ஓடும் டெபியனின் வழி வந்ததுதான்.

"நன்றாக ஓடுகிறதே டீச்சர், ஏன் தொடுகிறீர்கள்?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். 2016 அக்டோபரில் 'டர்ட்டி கௌ' என்று பெயரிடப்பட்ட ஓட்டை ஒன்று லினக்ஸ் கெர்னலில் வெளியே தெரிந்தது. சாதாரணப் பயனாளர் ஒருவர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. அந்த ஓட்டை 2007இலிருந்தே உள்ளே இருந்தது. ஒன்பது ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. தெரிந்த பிறகு திருத்தம் வந்தது. ஆனால் புதுப்பித்தவர்களுக்குத்தான் அந்தத் திருத்தம் கிடைத்தது. இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் பெட்டியைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பது தாழ்ப்பாள் தேய்ந்த கதவோடு தூங்குவதுதான்.

பூட்லோடரும் இதற்கு விலக்கல்ல. 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்ற குறை கிரப்பில் வெளிப்பட்டது. தன் அமைப்புக் கோப்பைப் படிக்கும் இடத்திலேயே அது ஏமாறக்கூடியதாக இருந்தது. அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள். அந்தத் திருத்தத்தைப் போட்ட பிறகு சில கணினிகள் எழவே இல்லை. அதில் ஒரு வகைச் சிக்கல்தான் இத்தனை வருடம் கழித்து என் மாடிப்படிக்குக் கீழேயும் நடந்திருக்கிறது.

எப்படி என்றால், என் பெட்டி போன்ற பழைய வகைக் கணினிகளில் கிரப் இரண்டு இடத்தில் வாழ்கிறது. ஒரு சிறு பகுதி டிஸ்கின் தொடக்கத்தில், அந்த 446 பைட்டிலும் அதை ஒட்டிய காலி இடத்திலும் இருக்கும். மீதிப் பகுதி சாதாரணக் கோப்புகளாக உள்ளே இருக்கும். முன் பகுதி எழுந்து, உள்ளே இருக்கும் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். முன்னால் பழைய பதிப்பும் உள்ளே புதிய பதிப்பும் இருந்தால், ஒன்று தேடும் பெயர் மற்றொன்றில் இருக்காது. வேலை அப்படியே நின்றுவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெட்டி மெதுவாக இருக்கிறது என்று புதிய எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டோம். பழைய ஹார்ட் டிஸ்கைத் துடைத்துப் பாட்டுகளுக்காக உள்ளேயே விட்டுவிட்டோம். கணினி புதிய டிஸ்கிலிருந்து எழுகிறது. ஆனால் 'கிரப்பை எந்த டிஸ்கில் எழுத வேண்டும்' என்று டெபியன் குறித்து வைத்திருக்கும் இடத்தில் பழைய டிஸ்கின் பெயரே இருந்திருக்கிறது. செவ்வாய் இரவு அது ஒழுங்காகத் தன் வேலையைச் செய்தது. உள்ளே இருக்கும் கோப்புகளைப் புதுப்பித்தது. முன் பகுதியை மட்டும் பாட்டு டிஸ்கின் தலையில் எழுதிவிட்டது. பழைய டிஸ்கும் பெட்டியிலேயே இருந்ததால் அதற்குச் சந்தேகம் வரவில்லை. என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை.

புதன் காலை அந்த மாணவரைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "டீச்சர், பதறாதீங்க. திரையில என்ன எழுதியிருக்கோ அதை எழுத்துக்கூட்டிப் படிங்க" என்றார். படித்தேன். இடையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. "மறுபடி மெதுவா, டீச்சர்" என்றார். அவருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்தவள் நான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முழுவதும் கேட்டுவிட்டு, "படமெல்லாம் பத்திரமா இருக்கு டீச்சர். வீட்டுக்குள்ள எதுவும் ஆகல. வாசக்கதவு மட்டும்தான் திறக்கல" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கியது.

அக்கா பேரன் புதன் இரவு தன் மடிக்கணினியில் டெபியன் நிறுவும் பென் டிரைவ் ஒன்று தயாரித்துக் கொடுத்தான். வியாழன் மதியம் அதைச் செருகிப் பெட்டியை எழுப்பினோம். அதில் மீட்பு முறை என்று ஒன்று இருக்கிறது. நம் இயங்குதளம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று காட்டினால், கிரப்பை மறுபடி நிறுவட்டுமா என்று அதுவே கேட்கும். எந்த டிஸ்கில் என்று கேட்ட இடத்தில் இருவரும் மூன்று முறை சரிபார்த்து, எஸ்.எஸ்.டி.யைத் தேர்ந்தெடுத்தோம். ரீஸ்டார்ட். மெனு வந்தது. முதல் வரியில் கெர்னல் 6.1. அதன் கீழே பழைய 5.10. புதியது எந்தக் குறையும் இல்லாமல் எழுந்தது. மறக்காமல், டெபியனின் குறிப்பிலும் பழைய டிஸ்கை நீக்கிப் புதிய டிஸ்கை டிக் செய்தோம். இதைச் செய்யாவிட்டால் அடுத்த பெரிய புதுப்பிப்பில் இதே கதை மறுபடி நடக்கும்.

உங்களில் பலர் வீட்டில் இது போன்ற பெட்டி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். என் நோட்டில் எழுதி வைத்ததை உங்களுக்கும் தருகிறேன்.

1. கெர்னலுக்குப் பழைய பிரதி மெனுவில் இருக்கும். பூட்லோடருக்கு அப்படி இருக்காது. அதனால் பூட்லோடரைத் தொடும் நாளில் அதிகக் கவனம் வேண்டும்.

2. டிஸ்க் மாற்றினால், பூட்லோடர் எந்த டிஸ்கில் எழுதப்படுகிறது என்பதை அன்றைக்கே பார்த்துத் திருத்துங்கள்.

3. எழுப்பும் பென் டிரைவ் ஒன்றைப் புதுப்பிப்பதற்கு முன்பே தயாராக வைத்திருங்கள். பிறகு தேடக் கூடாது.

4. ரீஸ்டார்ட் செய்தால்தான் புதுக் கெர்னல் ஓடத் தொடங்கும். பெட்டியின் பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது செய்யுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் செய்யாதீர்கள்.

5. முக்கியமான படங்களுக்கு வேறு இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். என் பிரதி இரண்டு வருடப் பழசு என்பதும், 1994ஆம் ஆண்டுப் படங்களை நான் ஸ்கேன் செய்ததே அதற்குப் பிறகுதான் என்பதும் அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. குற்றம் என்னுடையதுதான். இப்போது சரி செய்துவிட்டேன்.

இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். பூட்லோடர் சில நொடிதான் வேலை செய்கிறது. கெர்னலை எழுப்பி, கையைப் பிடித்து நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதன் பிறகு நாள் முழுக்க நடக்கும் எதிலும் அதன் பெயர் வராது. வராமல் போகும் அன்றுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிகிறது. எங்கள் வேலையும் கொஞ்சம் அப்படித்தான். ஆயாவின் வேலையும் அப்படித்தான். மதியம் மணி அடிக்கும்போது சோறு தயாராக இருந்தது என்பது மட்டும்தான் நமக்கெல்லாம் தெரியும். அதற்காக அவர் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

வியாழன் மாலை ஐந்து மணிக்குப் படத்தை அனுப்பினேன். ஆயாவின் மகள் உடனே ஸ்டூடியோவுக்குப் போய், ஆயாவை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். கரண்டியும் தெரியும்படிதான் வைத்திருக்கிறாள். "அது இருக்கட்டும் டீச்சர்" என்றாள்.

முழுப் படமும் பக்கத்தில் இருக்கிறது. 1994இல் ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் பார்த்து, யார் யார் என்று பெயர் எழுதுங்கள். முன்வரிசையில் இடமிருந்து நான்காவதாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் யார் என்று எனக்கே தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்